எழுதுவது இடக்கை, எறிவது வலக்கை: என் மகளுக்கு எது பழக்கக் கை?

வண்ணைத்தாய், பழைய வண்ணாரப்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பில் படிக்கிறாள். பென்சில் பிடித்த நாளிலிருந்து இடக்கையால்தான் எழுதுகிறாள், வரைகிறாள். பல் துலக்குவதும் அந்தக் கையால்தான். ஆனால் பந்து எறிவதும் கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவதும் வலக்கையால். உண்பதும் வலக்கையால்தான் என்றாலும் அது நாங்கள் பழக்கியது. இந்தக் கலப்பைப் பார்த்துவிட்டு என் மாமியார், "பந்து எறிய வலக்கை வருகிறது என்றால் எழுதவும் வரும், நீ அழுத்திச் சொல்லவில்லை" என்கிறார். சென்ற வெள்ளிக்கிழமை விடியலில் வாசல் தெளித்துக் கோலம் போடும்போது மகளும் ஆசையாக மாவை அள்ளினாள். அவள் நீட்டியது இடக்கை என்று கண்டதும், "பீச்சாங்கையால் வாசலில் மாவு விடக் கூடாது, கண்ணு" என்று மாமியார் தடுத்தார். குழந்தை விரலிடுக்கில் இருந்த மாவைக் கிண்ணத்தில் உதறிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் நடப்பதை நான் பேசிச் சரிசெய்துகொள்வேன். பள்ளியில் நடப்பதுதான் எனக்குப் பெருங்கவலை. இரண்டு மாதமாக வகுப்பாசிரியை பென்சிலை வாங்கி அவளுடைய வலக்கையில் வைக்கிறார். ஜூன் மாத நோட்டில் 'ஞ' என்ற எழுத்து இரு கோடுகளுக்கும் நடுவில் அடக்கமாக நிற்கிறது. இப்போதைய நோட்டில் அதே எழுத்தின் கீழ் வளைவு அடுத்த வரியில் போய் இடிக்கிறது, அழித்தழித்துத் தாளே நைந்துவிட்டது. இவளை இடக்கைப் பழக்கம் உள்ளவள் என்று சொல்லலாமா? சில வேலைகளுக்கு வலக்கை வருவதால் எழுத்தையும் மாற்றுவது சரிதானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பயிற்சியாளர், திருவொற்றியூர்

வணக்கம், சகோதரி. குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிப் பணியில், அதாவது எழுதுதல், உண்ணுதல் போன்ற அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சைப் பணியில் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மனிதர்கள் இடக்கைக்காரர், வலக்கைக்காரர் என்று இரண்டு பெட்டிகளில் அடங்கிவிடுவார்கள் என்பது பொதுவான எண்ணம். எழுதும் கையை மட்டும் பார்த்தால் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரர். ஆனால் வேலை வேலையாகக் கேட்கத் தொடங்கினால் அந்தக் கோடு கலைந்துவிடும். 1971இல் ஓல்ட்ஃபீல்ட் என்ற உளவியலாளர் வெளியிட்ட எடின்பரோ வினாநிரல் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. எழுதுதல், வரைதல், எறிதல், கத்தரிக்கோல், பல் துலக்கி, கத்தி, கரண்டி, துடைப்பம், தீக்குச்சி உரசுதல், பெட்டியின் மூடி திறத்தல் என்று பத்து வேலைகளை அது கேட்கிறது. வலக்கைப் புள்ளிகளிலிருந்து இடக்கைப் புள்ளிகளைக் கழித்து, மொத்தப் புள்ளிகளால் வகுத்து, நூறால் பெருக்கினால் வரும் எண், ஒருவர் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறார் என்பதைக் காட்டும். முழு வலக்கை 100, முழு இடக்கை கழித்தல் 100. உங்கள் மகளைப் போல் நடுவில் நிற்பவர்களைக் கலப்புக் கையினர் என்று சொல்வோம். இது இருகைத் திறன் அன்று. ஒரே வேலையை இரு கைகளாலும் சமமாகச் செய்பவர் மிக அரியவர். வேலைக்கொரு கை என்று பிரித்துக்கொண்டு, அந்தந்த வேலையில் அந்தக் கையை மாற்றாமல் வைத்திருப்பவர் நம்மைச் சுற்றிலும் உண்டு.

அந்த வினாநிரலை நம் வீடுகளில் அப்படியே கேட்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். துடைப்பத்தைப் பற்றி அது கேட்பது, நீண்ட கழியில் மேலே பிடிக்கும் கை எது என்பதை. நம் வீட்டுத் தென்னை விளக்குமாற்றைக் குனிந்து ஒரு கையால் பெருக்குகிறோம். கரண்டி பற்றிய கேள்விக்கு நம் பதில் உடலின் விருப்பத்தைச் சொல்லாது, வீட்டின் வழக்கத்தைச் சொல்லும். ஆகவே நான் தீப்பெட்டி, சீப்பு, ஊசியில் நூல் கோத்தல், பாட்டில் மூடி, கல் எறிதல் ஆகியவற்றைக் கேட்பேன். யாரும் சொல்லிக்கொடுக்காத வேலைகளில்தான் கை தன் போக்கில் நீளும்.

இந்தச் சாய்வு சோம்பலாலோ அடத்தாலோ வருவதன்று. கருவில் பதினைந்தாம் வாரம் அளவிலேயே குழந்தை ஒரு பக்கக் கட்டைவிரலை விரும்பிச் சுவைப்பதை ஸ்கேனில் கண்டிருக்கிறார்கள். அப்படிக் கண்ட 75 குழந்தைகளை 10 முதல் 12 வயதில் மீண்டும் பார்த்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. வலக்கட்டைவிரலைச் சுவைத்த 60 பேரும் வலக்கைக்காரர்களாகவே இருந்தார்கள்; இடக்கட்டைவிரலைச் சுவைத்த 15 பேரில் 10 பேர் இடக்கைக்காரர்கள், 5 பேர் வலக்கைக்காரர்கள்.

பென்சிலை மாற்ற வேண்டாம். நுண்ணிய வேலைக்கு அவள் தேர்ந்தெடுத்த கையை அவளிடமே விட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஃபிட்டர், பெரம்பூர்

அம்மா, உங்கள் மகளின் நோட்டைப் பற்றிப் படித்தபோது என் சிலேட்டு நினைவுக்கு வந்துவிட்டது. அறுபதுகளில் நான் படித்த பள்ளியில் இடக்கையில் பலப்பத்தைப் பிடித்தால் மரப்பட்டிக் கோலின் விளிம்பால் மொளியில் அடி விழும். மூன்று மாதத்தில் வலக்கையால் எழுதக் கற்றுக்கொண்டேன்; இன்றுவரை அப்படித்தான் எழுதுகிறேன். என் கையெழுத்தை என் பிள்ளைகளே படிக்கச் சிரமப்படுவார்கள்.

பிறகு பட்டறையில் சேர்ந்தேன். அங்கே யாரும் கையைப் பற்றிக் கேட்கவில்லை. முதல் நாள் உளியும் சுத்தியும் கொடுத்தார்கள். சுத்தி தானாக இடக்கைக்குப் போயிற்று, உளி வலக்கைக்கு. அரம் பிடிக்கும்போது மற்றவர்கள் இடக்காலை முன்வைத்து நின்றார்கள், நான் வலக்காலை முன்வைத்து நின்றேன். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ்களை வரிசையாகப் பொருத்திய நீண்ட மேசையில் என் முழங்கையும் பக்கத்தில் நின்றவர் முழங்கையும் ஓயாமல் இடித்துக்கொண்டன. இதைக் கவனித்த எங்கள் மேஸ்திரி ஒரு வார்த்தையும் சொல்லாமல் என்னை மேசையின் இடக்கோடியில் இருந்த வைஸுக்கு மாற்றினார். அந்தக் கோடியிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றேன்.

ஒரு நுட்பத்தைச் சொல்கிறேன். ஸ்குரூவை வலப்புறம் சுற்றினால் இறுகும் என்பது எல்லோரும் அறிந்தது. உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பும்படி முன்கையைச் சுழற்றும்போது புஜத்தின் முன்தசையும் சேர்ந்து இழுக்கும். அதனால் அந்தத் திசையில் பலம் கூடுதல். வலக்கையில் அந்தச் சுழற்சி இறுக்கும் பக்கமாக அமைகிறது, இடக்கையில் தளர்த்தும் பக்கமாக அமைகிறது. ஆகவே ஸ்குரூவை இறுக்க நான் வலக்கையை வைத்துக்கொண்டேன், துருப்பிடித்து இறுகிப்போன ஸ்குரூவைக் கழற்ற இடக்கையைப் போட்டேன். மற்றவர் கைவிட்ட ஸ்குரூவைக் கழற்ற என்னைக் கூப்பிடுவார்கள். எந்தக் கை என்பதை என் விருப்பம் மட்டும் முடிவு செய்யவில்லை, பொருளின் மரையும் சேர்ந்தே முடிவு செய்தது.

தந்தை, ராயபுரம்

பெரியவரின் அனுபவத்துக்கு என் மரியாதை. ஆனால் மாறுபட்ட ஒரு கருத்தையும் வைக்க விரும்புகிறேன். என் மகனும் மூன்று வயதில் இடக்கையால்தான் எல்லாவற்றையும் எடுப்பான். நாங்கள் அடிக்கவில்லை, திட்டவில்லை. பொறுமையாக ஒவ்வொரு முறையும் பென்சிலை மாற்றிக் கொடுத்தோம். இப்போது பதின்மூன்று வயதில் வலக்கையால் அழகாக எழுதுகிறான். பந்தியில் இடக்கையால் உண்டால் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிக்கிறார். பெரியவர்களிடம் இடக்கையால் ஒன்றைக் கொடுத்தால் அவமரியாதை என்று எடுத்துக்கொள்கிறார்கள். கத்தரிக்கோல் முதல் தையல் எந்திரம் வரை எல்லாமே வலக்கைக்காகச் செய்யப்பட்டவை. இவ்வளவுக்கும் நடுவில் குழந்தை வளரப்போகிறது என்னும்போது, சிறுவயதிலேயே மாற்றுவது அவளுக்கு உதவிதானே? தவிர, இடக்கைக்காரர்களுக்கு மூளையே பக்கம் மாறி இருக்கும் என்கிறார்களே, அது உண்மையா?

தையற்காரி, தண்டையார்பேட்டை

ராயபுரத்து அண்ணனுக்கு வணக்கம். கத்தரிக்கோலையும் தையல் எந்திரத்தையும் நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். இருபத்திரண்டு ஆண்டு இரண்டோடும் பழகியவள் என்பதால் இரண்டும் ஒன்றல்ல என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நான் இடக்கைக்காரி.

தையல் எந்திரத்தில் எனக்கு ஒரு நாளும் சிரமம் இருந்ததில்லை. சக்கரம் வலப்பக்கம் இருக்கிறது. அதைத் தொட்டு ஓட்டம் கொடுப்பதுதான் வலக்கையின் வேலை. துணியை ஊசிக்கு நேராகத் தள்ளிக்கொடுப்பது, வளைவில் திருப்புவது, சுருக்கம் எடுப்பது ஆகிய நுட்பமான பங்கில் பெரும்பாலானவை இடக்கைக்கு வந்துவிடுகின்றன. என்னிடம் தொழில் கற்க வந்த வலக்கைப் பெண்கள்தான் முதல் மாதம் கழுத்து வளைவில் தடுமாறினார்கள்.

கத்தரிக்கோல் வேறு கதை. வலக்கைக் கத்தரியில் மேல்தகடு வலப்பக்கம் இருக்கும். வலக்கையால் அழுத்தும்போது கட்டைவிரல் வெளிப்பக்கம் தள்ளுகிறது, மற்ற விரல்கள் உள்பக்கம் இழுக்கின்றன. அந்த விசையில் இரண்டு தகடுகளும் ஒன்றோடொன்று ஒட்டி உரசி வெட்டுகின்றன. அதே கத்தரியை இடக்கையில் பிடித்தால் இதே விசை தகடுகளைப் பிரித்துவிடும். துணி வெட்டுப்படாமல் நடுவில் மடிந்து சிக்கிக்கொள்ளும். போதாததற்கு மேல்தகடு கண்ணுக்கு நேராக வந்து சாக்பீஸ் கோட்டை மறைத்துவிடும். கத்தரியைத் திருப்பிப் பிடித்தாலும் பயன் இல்லை, எப்படித் திருப்பினாலும் மேலே வருவது வலத் தகடுதான். கைப்பிடி இரண்டும் ஒரே அளவாக இருக்கும் கத்தரியை இரு கைக்கும் பொருந்தும் என்று விற்கிறார்கள். கைப்பிடிதான் பொருந்தும், தகடு பழைய தகடுதான். இதனாலேயே நான் வெட்டுவதற்கு வலக்கையைப் பழக்கிக்கொண்டேன். கைத்தையல், பொத்தான் கட்டுவது, ஊசி கோப்பது எல்லாம் இன்றும் இடக்கை.

உணவு விஷயத்தில் அண்ணன் சொல்வதை நான் மறுக்கவில்லை. நானும் வலக்கையால்தான் உண்கிறேன், என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் பழக்கினேன். சோற்றைப் பிசைந்து எடுக்க எந்தக் கையும் சில மாதத்தில் பழகிவிடும். ஆனால் அந்த இலையிலேயே இன்னொன்றையும் பாருங்கள்: உண்ணும் கை எச்சில் என்பதால் தண்ணீர்க் குவளையை எடுப்பதும், சாம்பார்க் கரண்டியை வாங்கி நாமே ஊற்றிக்கொள்வதும் இடக்கைதான். வலக்கைக்காரர்களும் நாள்தோறும் செய்கிறார்கள், ஒரு துளி சிந்துவதில்லை. உண்பதற்கு வழக்கம் ஒரு கையைக் கேட்கிறது, கொடுத்துவிடலாம். எழுத்துக்கும் கோலத்துக்கும் ஏன் அதைக் கேட்க வேண்டும்?

காசிமேட்டு இளைஞன்

அக்கா சொன்னதைப் படித்ததும் என் தாயாரின் அரிவாள்மனையைப் போய்ப் பார்த்தேன். அவர் மீன் ஆய்ந்து கொடுக்கும் தொழில் செய்கிறார். கத்தியில் ஒரு கை பிடிக்கும், ஒரு கை வெட்டும். அரிவாள்மனையில் வெட்டு அசையாமல் நிற்கிறது, மீன்தான் அதை நோக்கிப் போகிறது. வஞ்சிரத்தை வெட்டும்போது தலைப்பக்கம் ஒரு கையும் வால்பக்கம் ஒரு கையுமாகப் பிடித்துக் கூரின் மேல் அழுத்தித் தள்ளுகிறார். எது முதன்மைக் கை என்று அருகில் உட்கார்ந்து பார்த்தும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் உட்காரும் பெரியம்மா இடக்கைக்காரர். அவருக்கும் அதே மனைதான். பலகையை மிதிக்கும் கால் மட்டும் மாறுகிறது.

வலை பின்னும் இடத்தில் வேறுபாடு தெரியும். கிழிந்த கண்ணிகளை வலக்கைக்காரர் இடமிருந்து வலமாக முடிந்துகொண்டு போவார். எங்கள் படகில் இடக்கைக்காரர் ஒருவர் இருக்கிறார், அவர் எதிர்த்திசையில் வருவார். பெரிய கிழிசல் என்றால் இருவரையும் இரு முனைகளில் உட்கார வைப்பார்கள். நடுவில் வந்து சேர்வார்கள்.

ஆட்டக்காரன், வியாசர்பாடி

பந்து எறியும் கை பற்றி ஒரு செய்தி. சச்சின் டெண்டுல்கர் மட்டை பிடித்ததும் பந்து வீசியதும் வலக்கை, எழுதுவது இடக்கை. உங்கள் மகளும் அவரைப் போலவே எழுத ஒரு கை, எறிய ஒரு கை வைத்திருக்கிறாள். சௌரவ் கங்குலியும் நம் சென்னையின் வாஷிங்டன் சுந்தரும் இடக்கை மட்டையாளர்கள், பந்து வீசுவது வலக்கை. ரஃபேல் நடால் எழுதுவது வலக்கையால், டென்னிஸ் ஆடியது இடக்கையால்.

கிரிக்கெட்டில் இடக்கை மட்டையாளர் என்ற பெயரே சற்று ஏமாற்றும். மட்டையை இரு கைகளாலும் பிடிக்கிறோம்; இடக்கை ஆட்டத்தில் மேல்கையாக இருப்பது வலக்கை. நேர்மட்டையில் ஆடும்போது வழிநடத்துவது மேல்கைதான் என்பதால், வலக்கைக்காரர் ஒருவர் இடப்பக்கமாக நிற்பதில் முரண் ஒன்றும் இல்லை. நான் குத்துச்சண்டை பழகும் இடத்திலும் இதே நிலைதான். வழக்கமான நிலையில் இடக்கை முன்னால் நின்று ஓயாமல் குத்தும், வலக்கை பின்னால் காத்திருக்கும். எழுதும் கை எது என்று எங்கள் பயிற்சியாளர் கேட்பதில்லை. கண்ணை மூடச்சொல்லி லேசாக முன்னால் தள்ளி, எந்தக் கால் முதலில் ஊன்றுகிறது என்று பார்த்துத்தான் நிலையை முடிவு செய்வார்.

பயிற்சியாளர், திருவொற்றியூர்

ராயபுரத்துத் தந்தையின் கேள்விகளுக்கு வருகிறேன். மூளை பக்கம் மாறியிருக்கும் என்பது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தாது. வலக்கைக்காரர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு மொழித்திறன் மூளையின் இடப்பாதியைச் சார்ந்திருக்கிறது. இடக்கைக்காரர்களிலும் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கு அதே இடப்பாதிதான்.

மாற்றுவதைப் பற்றி: 1986இல் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் தன் வாசகர்களிடம் முகர்திறன் பற்றிய ஒரு கணக்கெடுப்பை நடத்தியபோது, எந்தக் கையால் எழுதுகிறீர்கள், எந்தக் கையால் எறிகிறீர்கள் என்று தனித்தனியாகக் கேட்டது. அமெரிக்காவில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் அனுப்பினார்கள். கை மாற்றும் கண்டிப்பு மிகுந்திருந்த காலத்தில் வளர்ந்த முதியவர்களிடையே இடக்கையால் எழுதுபவர் மிகக் குறைவு. இளையவர்களிடையே பல மடங்கு கூடுதல். பெரம்பூர் ஐயாவின் சுத்தியும் பேனாவும் இதைத்தான் காட்டுகின்றன. கண்காணிக்கப்படும் வேலையில் கை மாறுகிறது. யாரும் பார்க்காத வேலையில் பழைய கையே நிற்கிறது.

பெற்றோர் இருவரும் வலக்கைக்காரர்களாக இருந்தாலும் பத்துக் குழந்தைகளில் ஒன்று இடக்கையாகப் பிறக்கிறது. ஒருவர் இடக்கை என்றால் ஐந்தில் ஒன்று, இருவரும் என்றால் நான்கில் ஒன்று. இருவரும் இடக்கையாக இருந்தும் நான்கில் மூன்று வலக்கை என்பதைக் கவனியுங்கள். ஒரே கருவில் பிரிந்த இரட்டையரிலும் ஒருவர் இடக்கை, மற்றவர் வலக்கை என்று அமைவது அரிதன்று.

தெருக்குழாய்ப் பாட்டி, கொருக்குப்பேட்டை

பேத்தியைத் தட்டச்சு செய்யச் சொல்லி இதை எழுதுகிறேன். அடிபம்பிலும் தண்ணீர் லாரியிலும் நாற்பது ஆண்டு நின்றவள் நான். குடத்தை எந்த இடுப்பில் ஏற்றுகிறாள் என்று பார்த்தே ஒரு பெண்ணின் கையைச் சொல்லிவிடுவேன். வலக்கைக்காரி இடது இடுப்பில் வைப்பாள், கதவைத் திறக்கவும் பிள்ளையைப் பிடிக்கவும் வலக்கை வெறுங்கையாக வேண்டும். நான் வலது இடுப்பில் வைப்பேன். ஆனால் கைக்குழந்தையை மட்டும் நானும் இடப்பக்கம் மார்பில்தான் சாய்த்துக்கொள்வேன். ஏன் என்று எனக்கே தெரியாது.

பயிற்சியாளர், திருவொற்றியூர்

பாட்டிம்மா, இது உங்களுக்கு மட்டும் உள்ள பழக்கம் அன்று. லீ சால்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960இல் இதைப் பதிவு செய்திருக்கிறார். வலக்கைத் தாய்மார்களில் 83 விழுக்காட்டினரும் இடக்கைத் தாய்மார்களில் 78 விழுக்காட்டினரும் குழந்தையை இடப்பக்கமே ஏந்தினார்கள். குடம் கையைப் பார்க்கிறது, குழந்தை பார்ப்பதில்லை.

தந்தை, ராயபுரம்

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று மாலை மாடியில் என் மகன் பட்டம் விட்டுக்கொண்டிருந்தான். நூலை இழுத்த கை இடக்கை. அறுந்து விழுந்த பட்டத்தைப் பிடிக்க நீட்டியதும், பக்கத்து மாடிக்குப் பந்தைத் திருப்பி எறிந்ததும் இடக்கை. பத்து ஆண்டாக அவன் கை மாறிவிட்டது என்று நினைத்திருந்தேன். எழுதும்போது கை வலிக்கிறதா என்று முதல்முறையாகக் கேட்டேன். தேர்வில் மூன்றாவது பக்கத்துக்கு மேல் வலிக்கும் என்றான். அவனை இனி மாற்றச் சொல்லப் போவதில்லை. அது அவன் முடிவு. உங்கள் மகள் விஷயத்தில் நான் சொன்ன அறிவுரையை மட்டும் திரும்பப் பெறுகிறேன், அம்மா.

வண்ணைத்தாய், பழைய வண்ணாரப்பேட்டை

அனைவருக்கும் நன்றி. ஐயா சொன்ன மேசைக்கோடியை எண்ணிக்கொண்டு நேற்று வகுப்பாசிரியையைச் சந்தித்தேன். இரண்டு நோட்டுகளையும் அருகருகே விரித்துக் காட்டினேன். அவர் சற்றுநேரம் பார்த்துவிட்டு, பென்சிலை மாற்றுவதை நிறுத்திவிடுவதாகச் சொன்னார். பெஞ்சின் இடக்கோடியில் உட்கார வைக்கவும் இசைந்தார். பயிற்சியாளர் தனிமடலில் சொன்னபடி, தாளின் மேல்முனையை வலப்பக்கமாகச் சாய்த்து வைத்து, பென்சிலைக் கூரிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடிக்கச் சொன்னேன். முன்பு எழுதிய எழுத்தின் மேலேயே கை உரசிக்கொண்டு போய்ச் சுண்டுவிரல் பக்கம் முழுக்கக் கரியாகிவிடும். நேற்று அது பாதியாகக் குறைந்திருந்தது.

மாமியாரிடம் கோலத்தைப் பற்றிப் பேசினேன். வாசலில் ஒப்பவில்லை, பின்கட்டில் போட்டுப் பழகட்டும் என்றார். ஐந்து புள்ளிச் சிக்குக் கோலத்தை மகள் வலக்கோடியில் தொடங்கி இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு வருகிறாள். மாவு ஒரே கனத்தில் விழுகிறது. மாமியார் பக்கத்தில் நின்று புள்ளி எண்ணிக்கொடுத்தார்.

கத்தரிக்கோல்தான் மிச்சம். வெட்டும் வேலைக்கு மட்டும் வலக்கைக்கு மாறுகிறாள். அது அவள் விருப்பமா, கத்தரியின் கட்டாயமா என்று அக்கா எழுதியதைப் படித்த பிறகு எனக்கு விளங்கவில்லை.

தையற்காரி, தண்டையார்பேட்டை

கண்டுபிடிப்பது எளிது, தங்கையே. என்னிடம் இடத்தகடு மேலே வரும் கத்தரி ஒன்று இருக்கிறது. பெரியவர் கைக்கான அளவுதான், ஆனாலும் காகிதம் வெட்டிப் பார்க்கப் போதும். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடையில் இருப்பேன், குழந்தையை அழைத்து வாருங்கள். எதுவும் சொல்லாமல் இரண்டு கத்தரிகளையும் மேசையில் வைத்துவிட்டு, எதை எந்தக் கையால் எடுக்கிறாள் என்று பார்ப்போம்.